ஒரு சுற்று ஓடக்கூடாது... அரைச் சுற்று ஓடலாம்!

2021 ஆகஸ்ட் 21, சனிக்கிழமை. கென்யாவின் நைரோபி நகரில் கசரானி மைதானம். 20 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் 200 மீட்டர் இறுதி ஓட்டம். மொத்தமே அரைச் சுற்றுதான். டி.வி முன்னால் உட்கார்ந்திருப்பவர் எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும்.

முடிந்தும்விட்டது. முதலிடம் நமீபியாவின் கிறிஸ்டின் எம்போமா, 21.84 விநாடி. புதிய போட்டி சாதனை. இரண்டாமிடமும் நமீபியாதான். பீட்ரைஸ் மசிலிங்கி, 22.18 விநாடி. மூன்றாமிடம் நைஜீரியாவின் ஃபேவர் ஒஃபிலி, 22.23 விநாடி. மூன்று பேருக்கும் வயது 18.

ஜூனியர் போட்டிகளின் முடிவுகள் நம் ஊர்ப் பத்திரிகைகளில் கடைசிப் பக்கத்தில் நாலு வரியாக வந்துவிட்டுப் போகும். அந்த வாரம் இந்திய ரசிகர்களின் கவனம் வேறு இடத்தில் இருந்தது. நீளம் தாண்டுதலில் ஷைலி சிங் ஒரே ஒரு சென்டிமீட்டரில் தங்கத்தைத் தவறவிட்டு வெள்ளி வாங்கியதைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். ஆனால் இந்த 200 மீட்டர் பந்தயத்தின் பின்னால் இருக்கும் கதை, ஒரு டம்ளர் தண்ணீருக்குள் அடங்காது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமம் வரை நீளும் கதை அது.

எம்போமாவும் மசிலிங்கியும் 200 மீட்டருக்கான ஆட்களே இல்லை. அவர்களின் ஓட்டம் 400 மீட்டர். முழுச் சுற்று. அதை ஓட அவர்களுக்கு அனுமதி இல்லை.

நமீபியா, ஆப்பிரிக்காவின் தென்மேற்கில் பாலைவனமும் கடலும் ஒட்டிக் கிடக்கும் நாடு. 1990-ல்தான் சுதந்திரம் கிடைத்தது. அங்கிருந்து உலகத் தடகளத்துக்குத் தெரிந்த பெயர் என்றால் அதுவரை ஒன்றே ஒன்றுதான். ஃபிராங்க் ஃபிரெடரிக்ஸ். 1992 பார்சிலோனா, 1996 அட்லான்டா ஒலிம்பிக்ஸ் இரண்டிலும் 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் வெள்ளி வாங்கியவர். நான்கு வெள்ளி. அதன்பிறகு கால் நூற்றாண்டாக அந்த நாட்டுக்கு ஒலிம்பிக் பதக்கமே இல்லை.

எம்போமா பிறந்தது நாட்டின் வடகோடியில், கவாங்கோ பகுதியில். 13 வயதில் தாயை இழந்தார். பிரசவத்தில் தாய் இறந்துபோக, தம்பி தங்கைகளைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு அந்தச் சிறுமியின் தோளில் விழுந்தது. பள்ளி மைதானத்தில் ஓடியவர், பிறகு ஹென்க் போத்தா என்ற பயிற்சியாளரிடம் வந்து சேர்ந்தார். மசிலிங்கிக்கும் அவர்தான் கோச். ஒரே வயது, ஒரே மைதானம், ஒரே கோச். ஒருத்தி வேகத்தைக் கூட்டினால் இன்னொருத்தியும் கூட்டியாக வேண்டும். இப்படி இரண்டு பேர் அமைவது எந்தக் கோச்சுக்கும் லாட்டரி விழுந்த மாதிரி.

2021 ஏப்ரலில் மசிலிங்கி 400 மீட்டரை 49.53 விநாடியில் ஓடினார். பெண்கள் 400 மீட்டரில் 50 விநாடிக்குள் ஓடுவது என்பது பெரியவர்களிலேயே சிலருக்குத்தான் வாய்க்கும். பள்ளி வயது மாறாத பெண் அதைச் செய்கிறார்! ஜூன் 30 அன்று போலந்தின் பிட்கோஷ்ச் நகரில் எம்போமா ஓடியது அதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது. 48.54 விநாடி. பெண்கள் தடகள வரலாற்றில் அதைவிட வேகமாக ஓடியவர்களை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம்.

அந்தப் போட்டியின் பெயரைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இரீனா ஷெவின்ஸ்கா நினைவுப் போட்டி. 1974-ல் 400 மீட்டரை முதன்முதலில் 50 விநாடிக்குள் ஓடிய பெண் அவர். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் போலந்துக்காக ரிலே தங்கம் வாங்கிய நால்வரில் ஒருவர். அந்த நால்வரில் இன்னொருவர் ஏவா குவோபுகோவ்ஸ்கா. 1967-ல் குரோமோசோம் பரிசோதனை செய்து, 'இவர் பெண்கள் பிரிவுக்குத் தகுதியில்லை' என்று ஓடுதளத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முதல் வீராங்கனை. சாதனைப் பட்டியலிலிருந்தும் அவர் பெயரை எடுத்தார்கள். பின்னாளில் அவர் ஒரு குழந்தைக்குத் தாயானார். விளையாட்டு உலகம் அந்தச் சங்கடத்தை எங்கே ஒளித்து வைப்பது என்று தெரியாமல் விழித்தது.

ஷெவின்ஸ்கா பெயரில் நடந்த போட்டியில் எம்போமா ஓடினார். சரியாக இரண்டே நாளில் அவருக்குக் கிடைத்தது, குவோபுகோவ்ஸ்காவுக்குக் கிடைத்த மாதிரியான செய்தி.

ஜூலை 2. நமீபிய ஒலிம்பிக் கமிட்டி ஒரு அறிவிப்பை வெளியிட்டது. எம்போமா, மசிலிங்கி இருவருக்கும் உடலில் இயற்கையாகவே டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. எனவே விதிப்படி அவர்கள் டோக்கியோ ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட முடியாது. இந்த விஷயம் வீராங்கனைகளுக்கோ, குடும்பத்தாருக்கோ, கோச்சுக்கோ அதுவரை தெரியாது என்றும் அந்த அறிவிப்பு சொன்னது.

18 வயதுப் பெண்ணின் ரத்தப் பரிசோதனை முடிவு. வீட்டில் பெற்றவர்களிடம்கூடத் தயங்கித் தயங்கிப் பேசுகிற விஷயம். அது உலகம் முழுக்க ஒரே நாளில் தலைப்புச் செய்தியானது.

400-ல் தப்பு, 200-ல் சரி!

விதி என்ன சொன்னது? பெண்ணாகப் பிறந்து, பெண்ணாகவே வளர்ந்த சிலருக்கு, உடலின் உள்ளே பாலின வளர்ச்சி வழக்கமான பாதையில் போயிருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பூப்பெய்தும் வயதில் மாதவிடாய் வராதபோது டாக்டரிடம் போனால்தான் சிலருக்குத் தெரியவரும். பலருக்குக் கடைசிவரை தெரியாது. இவர்களில் ஒரு பகுதியினருக்கு டெஸ்டோஸ்டிரோன், ஆண்களின் அளவை ஒட்டி இருக்கும். தடகளச் சம்மேளனத்தின் கணக்குப்படி, ஒரு லிட்டர் ரத்தத்தில் பெரும்பாலான பெண்களுக்கு இது 2 நானோமோலுக்குக் கீழ். ஆண்களுக்கு 7.7 முதல் 29.4 வரை. அப்படிப்பட்ட உடலமைப்பு உள்ள பெண்கள், மருந்து சாப்பிட்டு இந்த அளவை 5-க்குக் கீழே கொண்டுவந்து ஆறு மாதம் அப்படியே வைத்திருந்தால்தான் ஓடலாம். இதுதான் 2019 மே மாதம் நடைமுறைக்கு வந்த விதி. இதை எதிர்த்துத் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா வழக்குப் போட்டு, விளையாட்டு நடுவர் மன்றத்தில் தோற்றிருந்தார்.

ஆனால் விதிக்கு ஒரு எல்லை இருந்தது. 400 மீட்டரிலிருந்து ஒரு மைல் வரையிலான ஓட்டங்களுக்கு மட்டும்தான் அது பொருந்தும். 100 மீட்டரா? ஓடலாம். 200 மீட்டரா? தாராளமாக. 5,000 மீட்டரா? கேள்வியே இல்லை. அதே பெண், அதே ரத்தம், அதே காலணி. அரைச் சுற்றில் நின்றுவிட்டால் பெண். முழுச் சுற்றும் ஓடினால் தகுதியில்லை!

இந்த எல்லையை எப்படி வரைந்தார்கள் என்பது இன்னும் வேடிக்கை. சம்மேளனம் கையில் வைத்திருந்த முக்கிய ஆதாரம் 2017-ல் வெளியான ஓர் ஆய்வு. அந்த ஆய்வில் டெஸ்டோஸ்டிரோன் அதிகமுள்ள பெண்கள் முன்னணியில் இருந்ததாகச் சொல்லப்பட்ட போட்டிகளில் சம்மட்டி எறிதலும் கோலூன்றித் தாண்டுதலும் உண்டு. விதியில் அவை சேரவில்லை. ஆய்வில் அப்படி எதுவும் தேறாத 1,500 மீட்டர் விதிக்குள் வந்துவிட்டது. நைரோபிப் போட்டி நடந்த அதே ஆகஸ்ட் மாதத்தில், அந்த ஆய்வை வெளியிட்ட பிரிட்டிஷ் மருத்துவ இதழே ஒரு திருத்தம் போட்டது. ஹார்மோன்தான் காரணம் என்று பொருள்படும்படி எழுதியது வாசிப்பவர்களைத் தவறாக வழிநடத்தியிருக்கலாம் என்று ஆய்வாளர்களே அதில் ஒப்புக்கொண்டார்கள். ஒலிம்பிக் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

சரி, இரண்டு பெண்களும் என்ன செய்தார்கள்? டோக்கியோவுக்கு ஒரு மாதம்தான் பாக்கி. அதுவரை 200 மீட்டர் அவர்களுக்குப் பக்கவாத்தியம். அதையே கச்சேரி ஆக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

400 ஓடுகிறவர்களை 200-க்கு மாற்றுவது நினைப்பது போல எளிதில்லை. முழுச் சுற்று ஓட்டத்தில் முதல் பத்து மீட்டரில் கொஞ்சம் பிந்தினால் பாதகமில்லை, பின்னால் ஈடுகட்டிக்கொள்ளலாம். 200-ல் துப்பாக்கிச் சத்தத்துக்கும் காலைத் தூக்குவதற்கும் நடுவே விடும் இடைவெளியே பதக்கத்தைத் தின்றுவிடும். அதுவும் பாதி ஓட்டம் வளைவில். உடலைச் சாய்த்து, வேகத்தையும் விடாமல் ஓடப் பழக வேண்டும். அந்தப் பழக்கம் வருடக்கணக்கில் வருவது.

ஆகஸ்ட் 3, டோக்கியோ இறுதி ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரிந்திருக்கும். வளைவு முடிந்து நேர்ப்பாதைக்கு வரும்போது எம்போமா பதக்க வரிசையிலேயே இல்லை. பிறகுதான் 400 மீட்டர்க்காரியின் கால்கள் வேலையைக் காட்டின. மற்றவர்கள் தளரத் தொடங்கும் கடைசி ஐம்பது மீட்டரில் இவர் ஒவ்வொருவராகத் தாண்டிக்கொண்டே வந்தார். ஜமைக்காவின் எலைன் தாம்சன்-ஹெரா 21.53. எம்போமா 21.81. அமெரிக்காவின் கேபி தாமஸ் 21.87. வெள்ளி! நமீபியாவுக்காக ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் பெண். மசிலிங்கி ஆறாவது.

வாழ்த்துகளோடு வசவுகளும் வந்தன. போலந்தின் முன்னாள் 200 மீட்டர் வீரர் மார்சின் உர்பாஷ், எம்போமா பெண்தானா என்று முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். உடலமைப்பையும் ஓடும் விதத்தையும் படம் படமாக வெட்டிப் போட்டு அலசினார்கள் பலர். அவை எல்லாம் அந்தப் பெண்ணின் ஃபோனுக்கும் போயிருக்கும்தானே.

மூன்றாவது பெண்ணின் கதை

டோக்கியோ முடிந்து 18 நாள். நைரோபி. கொரோனாவால் ஒரு வருடம் தள்ளிப்போன போட்டி இது. அமெரிக்கா உட்படச் சில பெரிய நாடுகள் அணியையே அனுப்பவில்லை. எனவே களம் கொஞ்சம் மெலிந்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதோடு நைரோபி கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கும் மேலே இருக்கும் ஊர். காற்றின் அடர்த்தி குறைவு. நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு மூச்சு வாங்கும், குறுகிய தூரம் ஓடுகிறவர்களுக்கு உதவும்.

இருந்தாலும் 22.18 என்பது என்ன நேரம் தெரியுமா? 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதியில் 18 வயது அலிசன் ஃபெலிக்ஸ் வெள்ளி வாங்கியபோது ஓடிய அதே நேரம். இத்தனை வருடம் ஜூனியர் உலக சாதனையாக நின்ற எண். அதைச் சமன் செய்துவிட்டு மசிலிங்கி நைரோபியில் இரண்டாவதாக வந்தார்! அதே போட்டியில் 100 மீட்டரிலும் வெள்ளி வாங்கினார். தோழிக்குப் பின்னாலேயே நிற்க வேண்டியிருந்ததால் மசிலிங்கியைப் பற்றி உலகம் அதிகம் பேசவில்லை. பாட்டில் இரண்டாம் குரலுக்கு நேர்வதுதான்.

முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் 0.34 விநாடி இடைவெளி. தரையில் அளந்தால் சுமார் மூன்று மீட்டர். இரண்டுக்கும் மூன்றுக்கும் 0.05 விநாடி, அரை மீட்டர்கூட இல்லை. அந்த அரை மீட்டருக்குப் பின்னால் வந்த ஃபேவர் ஒஃபிலியின் இடத்தில் நின்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். நமீபியப் பெண்கள் இருவரும் 400 மீட்டருக்கே போயிருந்தால், தங்கம் ஒஃபிலிக்கு.

ஒஃபிலியும் அந்த ஆகஸ்ட்டில் சும்மா வந்தவரில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் ஓடியிருக்க வேண்டும். நைஜீரியா போன்ற சில நாடுகளின் வீரர்கள் பெரிய போட்டிக்கு முந்தைய பத்து மாதங்களில் குறைந்தது மூன்று முறையாவது முன்னறிவிப்பில்லாத ஊக்கமருந்துப் பரிசோதனைக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. நைஜீரிய வீரர்கள் பத்துப் பேருக்கு அந்த எண்ணிக்கை நிறையவில்லை. பரிசோதனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டியது சம்மேளனம், தண்டனை வீரர்களுக்கு. அந்தப் பத்துப் பேர் பட்டியலில் ஒஃபிலியின் பெயரும் இருந்தது. ஒலிம்பிக் போச்சு.

ஆக, அந்தப் பதக்க மேடையில் நின்ற மூன்று பேருமே அந்தக் கோடையில் ஏதோ ஒரு விதியால் வெளியே நிறுத்தப்பட்டவர்கள். மூன்று பேரும் தப்பு எதுவும் செய்யவில்லை. இருவருக்கு உடம்பு காரணம். ஒருவருக்குக் கோப்பு காரணம்.

பெண்கள் பிரிவு என்று தனியாக ஒன்று எதற்காக இருக்கிறது என்ற கேள்வியையும் தட்டிக்கழிக்க முடியாது. 200 மீட்டரில் ஆண்கள் உலக சாதனை 19.19. பெண்கள் உலக சாதனை 21.34. இரண்டு விநாடிக்கு மேல் வித்தியாசம். தனிப் பிரிவு இல்லாவிட்டால் எந்தப் பெண்ணும் இறுதிச் சுற்றை எட்டிப் பார்க்க முடியாது. அந்த வித்தியாசத்துக்கு டெஸ்டோஸ்டிரோன் முக்கியக் காரணம் என்பதை மருத்துவ உலகத்தில் பெரும்பாலானோர் ஒப்புக்கொள்கிறார்கள். அப்படியிருக்க, 'எங்களுக்கென்று போட்ட வேலிக்குள் யார் வரலாம்?' என்று மற்ற வீராங்கனைகள் கேட்பதைப் பொறாமை என்று ஒதுக்குவது நியாயமில்லை. காலை நாலு மணிக்கு எழுந்து ஓடுகிற அவர்களுக்கும் வீடு இருக்கிறது, கனவு இருக்கிறது.

கேள்வி நியாயமானது. பதில் சொல்கிற விதத்தில்தான் ஒவ்வொரு முறையும் கோணல். ஒரு பெண்ணை உலகத்தின் முன்னால் நிறுத்தி, உடம்பைப் பற்றிய ரகசியத்தை அவளுக்கே தெரியும் முன்பு ஊருக்குச் சொல்லி, 'இந்தத் தூரம் வேண்டாம், அந்தத் தூரம் ஓடு' என்று கோடு கிழிப்பது. பிறகு அந்தக் கோட்டையும் அழித்து வேறு இடத்தில் போடுவது.

கத்தக்குறிச்சி வரை...

100, 200 மீட்டர் ஓட்டங்கள் விதிக்கு வெளியே நின்றதில் ஓர் இந்தியப் பெண்ணின் பங்கு உண்டு. ஒடிசாவின் டூட்டி சந்த். 2014-ல், அவருக்கும் 18 வயதுதான், ஹார்மோன் அளவைக் காரணம் காட்டி காமன்வெல்த் போட்டிக்கான அணியிலிருந்து நீக்கினார்கள். ஒதுங்கிப் போகாமல் வழக்குப் போட்டார். 2015 ஜூலையில் விளையாட்டு நடுவர் மன்றம் அப்போதிருந்த விதியை நிறுத்திவைத்தது. 'இந்த ஹார்மோனால் எவ்வளவு சாதகம் என்று ஆதாரம் கொண்டு வாருங்கள்' என்று சம்மேளனத்துக்கு இரண்டு வருடம் அவகாசம் கொடுத்தது. அந்த ஆதாரத்தைத் தேடிப் போனதில்தான் 2017 ஆய்வும், 400 முதல் மைல் வரை என்ற புதிய எல்லையும் பிறந்தன. டூட்டியின் 100, 200 இரண்டும் எல்லைக்கு வெளியே. 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் அந்த இரண்டிலும் அவர் வெள்ளி வாங்கினார். அவர் திறந்துவைத்த அந்தக் கதவு வழியாகத்தான் மூன்று வருடம் கழித்து நமீபியப் பெண்கள் டோக்கியோவுக்கும் நைரோபிக்கும் போனார்கள்.

டூட்டிக்கு வழக்குப் போட ஆட்கள் இருந்தார்கள், வழி இருந்தது. அவருக்கு எட்டு வருடம் முன்னால் ஒருவருக்கு எதுவுமே இல்லை.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளையில் வேலை பார்த்த பெற்றோரின் மகள் சாந்தி சௌந்தரராஜன். 2006 டிசம்பர், தோஹா ஆசியப் போட்டி, 800 மீட்டரில் வெள்ளி. ஊரே கொண்டாடியிருக்க வேண்டிய நேரத்தில் பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்று செய்தி வந்தது. எதற்காகச் சோதிக்கிறார்கள், முடிவு என்ன என்பதை யாரும் அவரிடம் உட்கார்ந்து விளக்கவில்லை. டி.வி சொல்லித்தான் ஊருக்குத் தெரிந்தது. பதக்கம் பறிக்கப்பட்டது. மருந்து சாப்பிட்டுத் திரும்பி வரலாம் என்றோ, வேறு தூரம் ஓடலாம் என்றோகூட யாரும் சொல்லவில்லை. அப்போதைய தமிழக முதல்வர் கருணாநிதி 15 லட்சம் ரூபாய் கொடுத்தார். ஆனாலும் சில வருடங்களில் சாந்தியும் அதே செங்கல் சூளையில் கூலி வேலை செய்ய நேர்ந்தது. 2012-ல் அது செய்தியானபோதுதான் பலருக்கு அவர் நினைவே வந்தது. பிறகு பயிற்சியாளர் படிப்பை முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் கோச் ஆனார். ஓடக்கூடாது என்றவர்கள் ஓடக் கற்றுக்கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அந்த மட்டும் நல்லது.

நைரோபியில் இன்னொரு பந்தயமும் நடந்தது. பெண்கள் 400 மீட்டர் இறுதி. நைஜீரியாவின் இமாவோபாங் உசே உகோ 51.55 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். இந்தியாவின் பிரியா மோகன் நான்காவது. 48.54-ல் ஓடியவர் அதே மைதானத்தில், அதே வாரம், வேறு ஓட்டத்துக்கு ஷூ கட்டிக்கொண்டிருந்தார். மூன்று விநாடி என்பது 400 மீட்டரில் இருபது மீட்டருக்கும் மேல். உகோ வாங்கிய தங்கத்துக்கு அதனால் மதிப்புக் குறையாது. ஆனால் அந்த இருபது மீட்டரும் அங்கே யார் கண்ணுக்கும் தெரியாமல் கிடந்தது.

எம்போமாவின் 48.54 சாதனைப் புத்தகத்தில் ஏறவில்லை. ஜூனியர் உலக சாதனையாக இருப்பது 1991-ல் ஜெர்மனியின் கிரிட் பிராயர் ஓடிய 49.42. அடுத்த வருடமே ஊக்கமருந்து விவகாரத்தில் தடைபெற்றவர் அவர்.

நைரோபிக்குப் பிறகு சூரிச்சில் எம்போமா 21.78 ஓடினார். அதுதான் உச்சம். 2022 மே மாதம் மறுபடி நைரோபிக்கு வந்தபோது 100 மீட்டர் ஓட்டத்தில் தொடை பிடித்துக்கொண்டு பாதியில் நின்றார். உலகப் போட்டி கைவிட்டுப் போனது. ஆகஸ்ட்டில் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியின் 200 மீட்டரில் மறுபடி பழைய முகங்கள். தாம்சன்-ஹெராவுக்குத் தங்கம். இரண்டாவது ஒஃபிலி, 22.51. மூன்றாவது எம்போமா, 22.80. ஒரே வருடத்தில் வரிசை தலைகீழ். காயத்திலிருந்து எழுந்து வந்தவர் என்பது உண்மைதான். ஆனால் 'இவரை யாராலும் வெல்ல முடியாது, அதனால் நிறுத்துங்கள்' என்றவர்களுக்கு அந்த 0.29 விநாடி ஒரு பதில்.

அந்தப் பதிலுக்கு யாரும் காத்திருக்கவில்லை. 2023 மார்ச்சில் உலகத் தடகளச் சம்மேளனம் விதியை எல்லாப் போட்டிகளுக்கும் நீட்டியது. 100, 200 என்ற கதவும் சாத்தப்பட்டது. அளவு 5-லிருந்து 2.5-ஆகக் குறைந்தது. 24 மாதம் அதற்குக் கீழே இருக்க வேண்டும். ஏற்கெனவே வேறு தூரங்கள் ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டும் சலுகையாக ஆறு மாதம். அந்த ஆகஸ்ட்டில் புடாபெஸ்ட் உலகப் போட்டிக்கு அந்தச் சலுகையும் எட்டாது. எம்போமா ஹார்மோனைக் குறைக்கும் சிகிச்சையைத் தொடங்கினார். 20 வயதில், நோய் எதுவும் இல்லாத உடம்புக்கு மருந்து. 2024-ல் மறுபடி ஓடுதளத்துக்கு வந்தபோது பழைய வேகம் கூட வரவில்லை.

2025 செப்டம்பர் 1 முதல் இன்னொரு மாற்றம். உலகத் தரவரிசைப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட வேண்டும் என்றால், வாழ்நாளில் ஒரு முறை மரபணுப் பரிசோதனை கட்டாயம். கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் ஒரு தடவு, அல்லது கொஞ்சம் ரத்தம். குவோபுகோவ்ஸ்காவுக்கு 1967-ல் செய்தது போன்ற சோதனையைத் தொண்ணூறுகளில் வேண்டாம் என்று கைவிட்டவர்கள், வேறு தொழில்நுட்பத்தோடு அங்கேயே திரும்பி வந்திருக்கிறார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்னால்தான், ஜூலையில், செமன்யாவின் வழக்கை சுவிட்சர்லாந்து நீதிமன்றம் முறையாக விசாரிக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. விதியைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

ஒஃபிலிக்கும் கோப்பு விட்டபாடில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டருக்குத் தகுதி பெற்றும், அதிகாரிகள் அனுப்பிய பட்டியலில் அவர் பெயர் இல்லை. 200 மீட்டரில் மட்டும் ஓடி இறுதிவரை போனார். அடுத்த வருடம் மே மாதம் அட்லான்டாவில் தெருவில் போட்ட ஓடுதளத்தில் 150 மீட்டரை 15.85 விநாடியில் கடந்தார். அந்தத் தூரத்தில் எந்தப் பெண்ணும் அதுவரை அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. 150 மீட்டர், ஒலிம்பிக்கில் இல்லாத தூரம்.